சனிக்கிழமை திரும்பும் டிஸ்குகள்

செத்தவன் எவனும் தபால் அனுப்ப மாட்டான் என்று சொல்லிப் போலீஸ்காரர்கள் செவந்தியை இரண்டு வாரத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்பதற்கு நியாயமான பேச்சுதான். அதற்குப் பதில் தேடித்தான் இந்த ஆடி வெள்ளியில், வெயில் மண்டையைப் பிளக்கிற மூன்று மணிக்கு, புதுக்கோட்டை மேல இரண்டாம் வீதியில் ஒரு செல்போன் கடையின் மாடிக்கு மூன்று பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் ஏறியவர் துப்பறியும் செங்கமலம். நாற்பத்தெட்டு வயது, பருத்திப் புடவை, தோளில் ஒரு ஜோல்னாப் பை. பதினேழு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக ஊர் ஊராகப் போய், செத்துவிட்டதாக எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் நிஜமாகவே செத்தார்களா என்று பார்த்துச் சொன்னவர். அப்படி மூன்று பிரேதங்களை டீக்கடையில் வடை தின்னும்போது பிடித்திருக்கிறார். இப்போது சொந்தமாகத் தொழில். அவருக்குப் பின்னால் உதவியாளன் முத்துராஜ். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், முப்பத்தெட்டு வயதிலும் வாயைக் கட்டத் தெரியாதவன். கடைசியாகச் செவந்தி, படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இலுப்பூரில் தையல் கடை வைத்திருக்கும் செவந்திக்குத் தாய் தகப்பன் இல்லை. இருந்தது ஒரே தம்பி, கவியரசன். துபாயில் சாரத்திலிருந்து விழுந்து வலது கால் நொறுங்கி, தடி ஊன்றிக்கொண்டு கீரமங்கலத்துக்குத் திரும்பியவன். அங்கே பெற்றவர்கள் வீட்டில் சித்தப்பா உடையப்பனோடும் சின்னம்மா அழகம்மாளோடும் இருந்தான். மாடி அறையில் நாள் முழுக்க வீடியோ கேம். சித்திரையில் அக்காள் போய்க் கல்யாணப் பேச்சை எடுத்தபோது வாய்த்தகராறு முற்றிவிட்டது. இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று அவன் சொன்னான். அந்த எழவெடுத்த டப்பாவையே கட்டிக்கொண்டு அழு என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள். அதோடு பேச்சு நின்றது. ஆனி மாதத்தில் மனசு கேட்காமல் போன் போட்டால் எடுக்கவில்லை. நேரில் போனால் உடையப்பன் வாசலிலேயே மறித்து, அவன் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான் என்றார். போலீஸ் போய்ப் பார்த்தது. மாடியில் டிவி வெளிச்சம் ஆடியது. டிஸ்குகள் தபாலில் வருவதும் போவதுமாக இருந்தன. அவன் போனிலிருந்து, நன்றாக இருக்கிறேன் தொந்தரவு செய்யாதே என்று ஒரு செய்தியும் வந்தது. விவகாரம் முடிந்தது.

ஆனால் வருகிற திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் கவியரசனின் தென்னந்தோப்பு கைமாறப்போகிறது. துபாய்ச் சம்பளத்தில் வாங்கிய தோப்பு. அதற்குச் சித்தப்பா பெயரில் பவர் எழுதிக் கொடுத்திருந்தான். கொடுத்தவன் மூச்சு நின்றால் அந்த நிமிடமே பவரும் செத்துப்போகும். அவன் உயிரோடு இருப்பதாக லைஃப் சர்டிபிகேட் ஒன்றையும் உடையப்பன் எங்கேயோ வாங்கி வைத்துவிட்டார். ஆடி மாதத்தில் எவனாவது பத்திரம் பதிவானா என்று ஊரே கேட்டதற்கு, வாங்குவது வெளிமாநிலக் கம்பெனி, அவர்களுக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான் என்று பதில் சொன்னாராம்.

செவந்திக்குத் தோப்பு வேண்டாம். அவளுக்குத் தம்பி இருக்கிறானா இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டும்.

மாடியில் 'ஆட்டக்கூடை' என்ற பலகைக்குக் கீழே கார்த்திகா காத்திருந்தாள். அறையின் நான்கு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கேம் டிஸ்க். விலைக்கு வாங்கினால் ஒரு டிஸ்க் நாலாயிரம், ஐயாயிரம் ஆகும். மாதச் சந்தா கட்டினால், கொடுத்துவைத்த பட்டியலிலிருந்து இரண்டிரண்டாகத் தபாலில் வரும். விளையாடிவிட்டு, கூடவே வந்த கவரில் போட்டுத் தபால்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். பழையது திரும்பி வந்தால்தான் அடுத்தது கிளம்பும். அந்தக் காலத்தில் வாடகை சைக்கிள் எடுத்த மாதிரிதான், என்ன, இதில் முழங்கால் சிராய்க்காது என்றான் முத்துராஜ். யாரும் சிரிக்கவில்லை.

கவியரசனின் பட்டியலில் இன்னும் நாற்பத்தெட்டு விளையாட்டுகள் பாக்கி இருப்பதாகக் கார்த்திகா சொன்னாள். அவன் வாயைத் திறந்து எதுவும் கேட்க வேண்டியதில்லை. திருப்பிக்கொண்டே இருந்தால் வந்துகொண்டே இருக்கும். அவன் கவர் தபாலில் சேர்ந்த தேதிகளைச் செங்கமலம் கேட்டார். கார்த்திகா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். ஆனி பிறக்கும்வரை கணக்கு வழக்கே இல்லை. திங்கள், வியாழன், வெள்ளி, எது முடிகிறதோ அன்றைக்கு. ஆனி முதல் வாரத்துக்குப் பிறகு ஐந்து கவர்கள் வந்திருந்தன. ஐந்தும் சனிக்கிழமை போட்டவை.

முத்துராஜ் முந்திக்கொண்டான். "இதுல என்னக்கா துப்பு? வீட்டுப் பொம்பளைங்க கையில பொறுப்பு போயிருச்சு, அவ்வளவுதான். எங்க ஆத்தா வெள்ளிக்கிழமை வீட்டுலேருந்து ஒரு துரும்ப வெளிய விடாது. ஒரு தடவ என் மாமனாரு வெள்ளிக்கிழமை வந்து மாட்டிக்கிட்டாரு. அவரையே சனிக்கிழமதான் வெளிய விட்டுச்சு."

"வெள்ளிக்கிழம குடுக்கக் கூடாதுன்னா வியாழக்கிழம குடுக்கலாமே, முத்து. ஞாயித்துக்கிழமை விளையாடிட்டுத் திங்கக்கிழமை குடுக்கலாமே. அஞ்சு வாரமும் சனிக்கிழமை விடிஞ்சதும் போகுது." செங்கமலம் திரையில் விரலை வைத்தார். "வெள்ளிக்கிழமை அது அந்த வீட்டுல இருந்தாகணும். வெள்ளி முடிஞ்சா வேண்டாம். அப்படி இருக்கு."

அதைக் கேட்டதும் கார்த்திகா நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். தன் மேல் ஒரு தப்பு இருக்கிறது, சொல்லலாமா என்று தயங்கிச் சொன்னாள். போன வாரம் அவசரத்தில் கவியரசனுக்குப் புது மாடல் மெஷினில் மட்டும் ஓடுகிற டிஸ்க் ஒன்றை அனுப்பிவிட்டாளாம். அவனிடம் இருப்பது பழைய மெஷின். அதில் போட்டால் ஒன்றுமே வராது.

"முன்னாடியெல்லாம் டிஸ்க்ல ஒரு கீறல் இருந்தாலே போன்ல வாங்கு வாங்குன்னு வாங்குவாருங்க. இந்தத் தடவ நான் பயந்துக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்தகூட இல்ல. ஓடாத டிஸ்க மூணு நாள் வச்சிருந்து, பத்திரமாத் திருப்பி அனுப்பிட்டாரு."

செவந்தி அப்படியே சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆறு வாரமாக அந்த வீட்டில் எவரும் டிஸ்கை மெஷினுக்குள் போடவே இல்லை.

செங்கமலம் திரும்பி வந்த டப்பாக்களில் ஒன்றைக் கேட்டு வாங்கித் திறந்தார். உடனே மூடிவிட்டு, மறுபடி திறந்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு முத்துராஜிடம் நீட்டினார். சாம்பிராணி. சந்தேகமே இல்லை. கார்த்திகாவுக்கு அது பழகிப்போன விஷயம். கவியரசனிடமிருந்து வருகிற எல்லா டப்பாவிலும் இப்போதெல்லாம் அதே வாசனைதான். அரிமளத்துச் சந்தாதாரர் ஒருவர், விளையாட்டு பிரமாதம், ஆனால் டப்பாவைத் திறந்தால் கும்பிடத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தாராம்.

வேறு நாளாக இருந்தால் முத்துராஜ் அதற்கு மூன்று நிமிடம் சிரித்திருப்பான். இன்றைக்கு டப்பாவை மூடிக் கார்த்திகாவிடமே திருப்பிக் கொடுத்தான்.

பழைய ஆம்னி வேன் ஆலங்குடியைத் தாண்டும்போது அவனுக்குக் கதை முழுதும் பிடிபட்டுவிட்டதாகப் பட்டது. பின் சீட்டில் செவந்தி கண்ணை மூடிக் கிடந்ததால் குரலைத் தாழ்த்திச் சொன்னான். உடையப்பன் பையனைத் தீர்த்துவிட்டார். பையன் உயிரோடு இருப்பதாகப் போலீசை நம்பவைக்க டிஸ்கை வாங்குவதும் அனுப்புவதுமாக நாடகம் போடுகிறார். திங்கட்கிழமை கையெழுத்தானதும் நாடகம் முடியும். சாம்பிராணி என்பது ஆடி மாதத்தில் எல்லா வீட்டிலும் மணப்பதுதான்.

செங்கமலம் வெளியே பார்த்தபடியே, போலீஸ் எப்போது அந்த வீட்டுக்குப் போனது என்று கேட்டார். ரெண்டு வாரம் இருக்கும் என்றான் அவன்.

"சனிக்கிழம கவரு அஞ்சு வாரமாப் போகுது. செவந்தி புகார் குடுக்கறதுக்கு முன்னாடியே மூணு கவரு போயிருச்சு. அப்ப அந்த வீட்ட யாரும் சந்தேகப்படல, யாரும் தேடல. ஏமாத்த ஆளே இல்லாதப்ப, அந்த மூணு கவரு யார ஏமாத்த?"

முத்துராஜ் யோசித்தான். திருட்டுக்கு ஒரு கணக்கு உண்டு, கொலைக்கும் ஒரு கணக்கு உண்டு. கணக்கே இல்லாத காரியம்தான் பயமாக இருக்கும்.

கீரமங்கலத்தில் பூ ஏற்றும் வண்டிகள் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. தபால்காரர் பிச்சை வேலை முடிந்து டீக்கடை பெஞ்சில் இருந்தார். செங்கமலத்துக்கு இன்சூரன்ஸ் காலத்திலேயே தெரிந்தவர். கவியரசனை நேரில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்றதும் அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னார். முன்பெல்லாம் அவனே மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் பையை இறக்கி வாங்கிக்கொள்வானாம். இப்போது எல்லாம் சின்னம்மாதானாம்.

"அந்த அம்மா குடுக்கறதே ஒரு தினுசுங்க. குளிச்சு ஈரத்தலையோட நிக்கும். கவர ரெண்டு கையிலயும் ஏந்திக் குடுக்கும். வாங்கும்போது எனக்கே கூச்சமா இருக்கும், என்னமோ பிரசாதம் வாங்குற மாதிரி. அடுத்தது எப்பய்யா வரும்னு கேக்கும். பொதன்கிழமை வந்துரும்த்தான்னு சொன்னாத்தான் மூஞ்சி தெளியும்."

வேறு ஏதாவது புதிதாக நடந்ததா என்று செங்கமலம் கேட்டார். தோப்பில் பாழாய்க் கிடந்த கிணற்றை உடையப்பன் ஆனி மாதம் ஜேசிபி வைத்துத் தூர்த்துவிட்டார் என்றார் பிச்சை. வாங்குகிற கம்பெனிக்குச் சமதரைதான் வேண்டுமாம். உடையப்பன் இப்போது பத்திரம் எழுதுபவரைப் பார்க்க ஆலங்குடி போயிருப்பதாகவும், இருட்டுவதற்குள் வந்துவிடுவார் என்றும் சேர்த்துச் சொன்னார். செங்கமலம் டீயைக் குடிக்காமலே எழுந்தார்.

வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வேனை நிறுத்தினார்கள். கூப்பிடும்வரை இறங்கக் கூடாது என்று செவந்தியிடம் சொல்லியாயிற்று. பொழுது சாயும் நேரம். தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் ரேடியோ அலறியது. கஞ்சி வாங்கிய தூக்குவாளிகளோடு பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நடமாட்டத்திலும் அந்த வீட்டின் முன்னால் மட்டும் எல்லோரும் கொஞ்சம் நடையை எட்டிப்போடுவதாக முத்துராஜுக்குத் தோன்றியது. மாடி ஜன்னலில் நீல வெளிச்சம் ஆடியது. வாசலை நெருங்கியதும் கூடத்து ஜன்னல் வழியாக, மாடிப்படியின் அடியில் சாத்தியிருந்த ஒரு கைத்தடி தெரிந்தது. பிடியிலிருந்து சுவர்வரை ஒட்டடை படர்ந்திருந்தது. தடி இல்லாமல் அவனால் பத்தடி நடக்க முடியாது என்று செவந்தி சொல்லியிருந்தாள்.

கதவைத் திறந்தது அழகம்மாள். ஒடிசலான உருவம், நெற்றி நிறைய திருநீறு, ஈரம் காயாத கூந்தல். முத்துராஜ் தன்னை ஆட்டக்கூடை கம்பெனி ஆள் என்று சொல்லிக்கொண்டான். புதன்கிழமை வந்த இரண்டு டிஸ்கும் தப்பாக வந்துவிட்டன, கையோடு வாங்கிவரச் சொன்னார்கள் என்றான். அவள் பதறிப்போனாள்.

"இன்னிக்கு முடியாதுங்க. வெள்ளிக்கிழமங்க. நாளைக்கு விடியக்காலம் வாங்க, நானே குடுத்துர்றேன்."

அப்படியானால் தம்பி விளையாடியாவது முடித்தாரா, மாடிக்குக் குரல் கொடுத்துக் கேளுங்கள் என்றான் முத்துராஜ். அழகம்மாள் மாடிப்படியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பிறகு பல நாள் அவனால் மறக்க முடியவில்லை. ஆள் இருக்கிற அறையை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

அதுவரை பேசாமல் இருந்த செங்கமலம் ஒரு படி மேலே ஏறினார். குரல் உயரவில்லை. "அம்மா, அவன் மாடியில உசிரோட இருந்தா, அந்த டிஸ்குக்கு எதுக்கு நீங்க சாம்பிராணி காட்டுறீங்க? வெள்ளிக்கு வெள்ளி யாருக்குப் படைக்கிறீங்க?"

அழகம்மாள் மறுக்கவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். ஆறு வாரமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போலத்தான் பேசினாள்.

பவரை ரத்து செய்யப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்றைக்கு நடந்தது. மாடிப்படியில் வாக்குவாதம். உடையப்பன் தடியைப் பிடுங்கித் தள்ளினார். விழுந்தவன் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம் என்று இவள் காலைப் பிடித்தபோது, நீ வெளியே சொன்னால் உன் தாலி உன் கையால் போகும் என்றார். விடிவதற்குள் அவனைத் தோப்புக் கிணற்றில் போட்டு மேலே மண் தள்ளியாயிற்று. காடாற்றவில்லை, கருமாதி இல்லை. ஒருவர்கூட வாய்விட்டு அழவில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மாடியில் நடமாட்டம் கேட்கத் தொடங்கியது. கால் இழுத்து நடக்கிற சத்தம். அப்போது தபாலில் இரண்டு டிஸ்க் வந்தது.

"எனக்கு என்ன தெரியும்? அவன்தான் கேக்குறான்னு நெனச்சேன். நல்லபடியாப் போகாத உசிரு, ஆசப்பட்டத வச்சுக் கும்பிட்டாத்தானே அடங்கும்? போட்டோவுக்கு மால போட்டா ஊருக்குத் தெரிஞ்சிரும். அதான் டிஸ்க வச்சு, பணியாரம் வச்சுப் படைச்சேன். அன்னிக்கு ராத்திரி சத்தம் இல்ல. சனிக்கிழம குடுத்தா அடுத்தது வருதுன்னு தெரிஞ்சுச்சு. ஒரு வெள்ளியும் அவனுக்குக் கொற வைக்கலங்க."

புருஷனுக்கு இது முதலில் தெரியாது. தெரிந்த அன்றைக்கு அடித்தார். எல்லாவற்றையும் கொளுத்தச் சொன்னார். இவள் ஒளித்துவைத்தாள். பிறகு போலீஸ் வந்து, தபால் ஒழுங்காக வந்துபோகிறதே என்று சொல்லிவிட்டுத் திரும்பியபோது, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். உன் பைத்தியக்காரத்தனம் நம்மைக் காப்பாற்றியது, விடாமல் செய் என்று அவரே சொல்லிவிட்டார்.

முத்துராஜ் கட்டிய நாடகக் கதை தலைகீழாகப் புரண்டு கிடந்தது. யாரையும் ஏமாற்றுவதற்காக டிஸ்க் அனுப்பத் தொடங்கவில்லை. அவன் உயிரோடு இருப்பதற்குப் போலீஸ் வைத்திருந்த பெரிய சாட்சி, அவன் செத்துப்போனதற்கு வைத்த படையல்.

அப்போதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். செவந்தி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வேனிலிருந்து இறங்கினாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. அவள் அழகம்மாளைத் தாண்டி, தடியைத் தாண்டி, படியேறிப் போனாள். மற்ற மூவரும் பின்னால் ஓடினார்கள்.

அறையில் டிவி யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் தரையில் ஒரு தலைவாழை இலை. அதில் வெள்ளைப் பணியாரம், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். குத்துவிளக்கு எரிந்தது. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புது டிஸ்க் டப்பாக்கள் சாத்தியிருந்தன. அவன் கையில் பிடித்து விளையாடுகிற கருவிக்கு ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தது. செவந்தி அதன் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இலையின் ஓரத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

கீழே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

உடையப்பன் படியேறி வந்தபோது கையில் பத்திரப் பை இருந்தது. அறையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மனைவியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆனால் அவர் பதறவில்லை; அதுதான் முத்துராஜை உலுக்கியது. பையைக் கட்டிலில் வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். அவன் நேற்று வரை இங்கேதான் இருந்தான், இப்போது வெளியூர் போயிருக்கிறான். ஒரு இலையும் நாலு பணியாரமும் எந்தக் கோர்ட்டில் சாட்சி? இவளுக்குப் புத்தி பேதலித்து ஆறு வாரமாகிறது, டாக்டர் சீட்டுக்கூட வாங்கிவிடலாம்.

"போலீசே வந்து பாத்துட்டுப் போயிருச்சு. இனிமே நீங்க போயி யார்கிட்டச் சொன்னாலும் எவன் நம்புவான்? திங்கக்கிழமை பத்தர மணிக்கு எல்லாம் முடிஞ்சிரும். கெளம்புங்க."

செங்கமலம் போனை எடுத்தார். ஆனால் அவருக்கும் தெரிந்திருந்தது. புகார் எழுதி, அனுமதி வாங்கி, தூர்த்த கிணற்றைத் தோண்ட ஆள் வருவதற்குள் திங்கட்கிழமை தாண்டிவிடும். அதற்குள் அழகம்மாளை உடையப்பன் எங்காவது கொண்டுபோய் அடைத்துவிடுவார்.

அப்போது செவந்தி எழுந்தாள். சித்தப்பனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக மாடி ஜன்னலுக்குப் போய் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். நெஞ்சில் ஓங்கி ஒரு அறை அறைந்துகொண்டு குரலெடுத்தாள்.

"என்னப் பெத்த ராசா… என் கூடப் பொறந்த பொறப்பே… ஒன்ன வாரிக் குடுத்துட்டு நிக்கிறேனே…"

ஆறு வாரம் அடைத்துக் கிடந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. முத்துராஜ் எத்தனையோ ஒப்பாரி கேட்டிருக்கிறான். இப்படி உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறியக் கேட்டதில்லை. உடையப்பன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தப் போனார். முத்துராஜ் குறுக்கே விழுந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். இருவரும் பத்திரப் பையோடு தரையில் உருண்டார்கள். அவள் நிறுத்தவில்லை.

தெருக்கோடியில் கோயில் ரேடியோ பட்டென்று நின்றது.

இழவுக் குரல் கேட்டால் அந்தப் பக்கத்தில் எவரும் யார், என்ன, நிஜமா என்று விசாரித்துக்கொண்டு வீட்டில் இருக்க மாட்டார்கள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வருவார்கள். முதலில் எதிர்வீட்டுப் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். உள்ளே வந்து இலையையும் விளக்கையும் மல்லிகை சுற்றிய கருவியையும் பார்த்தவுடன் ஒருத்திக்கும் விளக்கம் தேவைப்படவில்லை; செவந்தியைக் கட்டிக்கொண்டு கூடவே குரல் கொடுத்தார்கள். பின்னால் ஆண்கள் வந்தார்கள், தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டியபடி. பிச்சையும் வந்தார். யாரோ வாசலில் பெஞ்சை இழுத்துப் போட்டார்கள். கால் மணி நேரத்தில் வீடும் தெருவும் நிறைந்துவிட்டது. உடையப்பன் சட்டை கிழிந்து எழுந்து நின்றபோது, படியில் இறங்க இடமில்லை.

போலீசிடம் அவரால் பேச முடிந்தது. பத்திர ஆபீசில் பேச முடிந்தது. இந்தக் கூட்டத்திடம் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தார். கூட்டத்திலிருந்து பங்காளி வகையில் மூத்த ஒருவர் படியேறி வந்து, துஷ்டி வீட்டில் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார். பழி சொல்லவில்லை, சந்தேகமும் படவில்லை. வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

"எப்பப்பா உசிரு போச்சு?"

உடையப்பன் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள், அறையின் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அழகம்மாள் எழுந்தாள். கழுத்திலிருந்த தாலியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஆனி மொத வெள்ளிக்கெழம. கெணத்த இன்னிக்கே தோண்டுங்கய்யா. புள்ளைய வீட்டுக்குக் கொண்டு வாங்க."